மலையைச் சுற்றி இருபத்து நான்கு கட்டம்

எனக்குத் தோற்பது அறவே பிடிக்காது. கேரம் ஆடித் தோற்றால் பலகையில் மாவு சரியில்லை என்பேன். சீட்டாடித் தோற்றால் கலைத்தவர் கை சரியில்லை என்பேன். கல்யாணமான புதிதில் என் கணவர் என்னோடு இரண்டு முறை சீட்டாடினார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது தலைவலி என்று படுத்துவிட்டார். அந்தத் தலைவலி பதினெட்டு வருடமாகத் தீரவில்லை. அப்படிப்பட்ட நான் பத்து மாதம், வாரத்துக்கு நான்கைந்து மத்தியானம், என் மாமனாரோடு உட்கார்ந்து விளையாடி, பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்தேன். வேலூர் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள் இதைக் கேட்டபோது முதலில் நம்பவில்லை.

எங்கள் வீடு செங்கம் சாலையிலிருந்து உள்ளே இரண்டாவது தெரு. கீழே நாங்கள். மேலே ஓர் அறை, சின்னச் சமையல்கட்டு, வராந்தா. ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு மாடியை வாடகைக்கு விடுவது இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. போன மார்கழிக்கு எங்கள் மாடிக்கு வந்தவர் ஒரு ஜெர்மனிக்கார அம்மா. அறுபது வயதிருக்கும். காலையில் தியானம், சாயங்காலம் மலையைச் சுற்றி நடை. மத்தியானம் மட்டும் அவருக்குப் பொழுது போகாது. எனக்கும் அதே பாடுதான். நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். காலை ஆறு மணிக்குப் போய், வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களுக்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு, ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். கலெக்டர் ஆபீசில் வேலை செய்யும் என் கணவர் வர ஏழு மணி ஆகும்.

ஒருநாள் அந்த அம்மா பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். தியானம் செய்ய இவ்வளவு தூரம் வந்தவர் எதற்காக ஒரு போர் விளையாட்டை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற அளவு ஆங்கிலம் என்னிடம் இல்லை. பதில் சொல்கிற அளவு ஆங்கிலம் அவரிடமும் இல்லை.

பெட்டிக்குள்ளே நான்காக மடித்த கெட்டிப் பலகை. விரித்தால் நடுவில் ஒரு மலை. மலை உச்சியில் நெருப்பு. நான் ஜன்னலுக்கு வெளியே எங்கள் மலையைக் கையால் காட்டினேன். அவரும் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த மலையைச் சுற்றி இருபத்து நான்கு கட்டங்களில் ஒரு பாதை. கட்டங்களின் ஓரத்தில் பொடிப்பொடியாக ஏதோ அம்புக்குறி மாதிரி வரைந்திருந்தது. கோலத்துக்கு ஓரம் கட்டுகிற மாதிரி அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விரல் உயரத்தில் பொம்மை வீரர்கள். ஒரு பக்கம் கேடயம் பிடித்த மனிதர்கள், மறு பக்கம் எலும்புக்கூடுகள். இரண்டு படைக்கும் ஆளுக்கொரு ராஜா.

இந்த விளையாட்டு பெரிய பெட்டியோடு முடிகிற சமாச்சாரமும் இல்லை. ஆடி ஆடி அலுத்துப்போனால் சேர்த்துக்கொள்வதற்கென்று சின்னச் சின்னத் துணைப்பெட்டிகளைத் தனியாக விற்பார்களாம். அந்த அம்மா இரண்டு கொண்டுவந்திருந்தார். ஒன்றில் இறக்கை முளைத்த பூதங்கள். இன்னொன்றில் வெள்ளை வெள்ளையாக வில்லைகள், அவை பனியாம். பாதையில் வைத்துவிட்டால் எதிராளி நகர முடியாது.

விதிப்புத்தகம் முழுக்க அவர் பாஷையில் இருந்தது. அதனால் கையாலும் கண்ணாலும்தான் சொல்லிக்கொடுத்தார். ராஜா தன் கோட்டையிலிருந்து புறப்பட்டு மலையைச் சுற்றிப் போய், நேர் எதிரே இருக்கும் எதிராளி கோட்டையின் வாசல் கட்டத்தில் சரியாக நிற்கவேண்டும். பகடையில் என்ன விழுகிறதோ அத்தனை கட்டம் போயே ஆகவேண்டும். ஒன்று கூடினாலும் வாசலைத் தாண்டிவிடும். வழியில் எதிராளியின் ஆட்கள் நின்றால் சீட்டு எடுத்துச் சண்டை. இதையெல்லாம் காட்டிவிட்டு, விரலைப் பலகையில் வைத்து, மலை வலது கைப்பக்கம் இருக்கும்படி ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டி, "இப்படி" என்றார். நான் தலையாட்டினேன். மலையை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறு பக்கமாகவும் போகலாமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

மாசியில் அவர் ஊருக்குத் திரும்பினார். பெட்டி கனம் என்று கையைத் தொங்கவிட்டு நடித்துக்காட்டி, மூன்றையும் என்னிடமே விட்டுப்போனார். அடுத்த கார்த்திகைக்கு வருகிறேன் என்றார்.

இனி மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் மாமனார் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். பாதி வருடங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கம், மீதி வேலூர் ரூட். கார்த்திகை தீபத்துக்கு விடும் ஸ்பெஷல் பஸ்ஸில் இரண்டு நாள் தூங்காமல் ஓட்டியவர். வாய் திறந்து ஒன்றைக் கேட்கிற பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது. சாம்பாரில் உப்பு இல்லையென்றாலும் அப்படியே சாப்பிட்டு எழுந்துவிடுவார். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு என்றால் அது அத்தை வழியாகத்தான். "மாமா வெளிய போறாரா கேளுங்க அத்தே" என்பேன். "அவள கதவ சாத்திக்க சொல்லு" என்பார். இரண்டு பேரும் ஒரே கூடத்தில்தான் நிற்போம்.

ஜெர்மனிக்கார அம்மா வருவதற்கு முந்தைய ஆடியில் அத்தை தவறிப்போனார். அதோடு நாங்கள் பேசுவதும் நின்றுபோனது. மத்தியானங்களில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் கூடத்தில் சத்தத்தைக் குறைத்து வைத்த டிவிக்கு முன்னால். நான் அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே. சாப்பாடு வைக்கும்போது "மாமா" என்பேன். வந்து உட்காருவார். அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. பெண்டாட்டியை இழந்த மனிதரிடம் எரிச்சல் படுகிறோமே என்று என் மேலேயும் எனக்குக் கோபம் வந்தது.

பெட்டியை எடுத்தது அவருக்காக இல்லை. எனக்குக் கை துறுதுறுத்தது, அவ்வளவுதான். கூடத்தில்தான் வெளிச்சம் என்பதால் அங்கே மடக்கு மேசையைப் போட்டு, பலகையை விரித்து, இரண்டு பக்கத்தையும் நானே ஆடினேன். மூன்று நாள் மாமா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது பார்க்கிற மாதிரி இருந்தார். நான்காம் நாள் எலும்புக்கூட்டு ராஜாவை நகர்த்தும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவன் ஸ்டாப்ப தாண்டிட்டான்."

திரும்பிப் பார்த்தேன். நாற்காலியை விட்டு எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தார். நான் ஒரு கட்டத்தைக் கள்ளத்தனமாக விழுங்கி வாசலில் நிறுத்தப் பார்த்தேன். அதைத்தான் சொல்கிறார்.

"தாண்டிட்டா இன்னா பண்றது?" என்று கேட்டார்.

"மறுபடியும் முழுசா சுத்தி வரணும் மாமா."

"ரிவர்ஸ் கெடையாதா?"

"மலைய யாராவது எடப்பக்கமா சுத்துவாங்களா மாமா?"

குனிந்து பலகையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, எனக்கு யாரு?" என்றார்.

மனிதர்களை நான் எடுத்துக்கொண்டு எலும்புக்கூடுகளை அவரிடம் தள்ளினேன். அவர் கவலைப்படவில்லை. சுடுகாட்டுப் பார்ட்டி என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார். இறக்கை வைத்த பூதங்கள் வௌவால்கள். ஆட்டம் தொடங்கும் முன்பு நடுவில் இருக்கும் மலையை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நானும் பழகிவிட்டேன். பனி வில்லைகளை முதன்முதலில் அவருடைய ராஜாவுக்கு முன்னால் நான் வைத்தபோது, இது என்ன என்று விளக்கப் போனேன். பனி கொட்டுகிற தேசத்தை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை.

"தெரியும்மா. பௌர்ணமிக்கு போலீஸ்காரன் வைக்கறான்ல தடுப்பு, அதான? வண்டி அந்தாண்ட போவாது."

அதற்குமேல் விளக்க ஒன்றும் இல்லை.

அவர் ராஜாவை நகர்த்துவது பஸ் ஓட்டுவது போலத்தான் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக நிறுத்தி எடுப்பார். எண்ணிக்கைக்குப் பதிலாகப் பழைய ரூட்டில் வரும் ஊர்ப் பெயர்களை முணுமுணுப்பார். "கீழ்பென்னாத்தூர் எறங்கு" என்று சொல்லிக்கொண்டே என் வீரனை வெட்டி ஓரமாக வைப்பார். அவசரமே கிடையாது. நான் எல்லா ஆட்களையும் முன்னால் அனுப்பிவிட்டு வாசலைத் திறந்து போடுகிற ரகம். தாண்டிவிடுவேன். சுற்றிவருவேன். மறுபடியும் தாண்டிவிடுவேன். ஓர் ஆட்டம் முடிய இரண்டு மத்தியானம் ஆகும், சில நேரம் மூன்று. முடியாத ஆட்டத்தைக் கலைக்கக்கூடாது என்பதால் பலகை மேல் பழைய வேட்டியைப் போர்த்தி மேசையை அப்படியே விட்டுவிடுவோம். ராத்திரி என் கணவர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஒருநாள் மட்டும், "இந்த யுத்தம் எப்ப முடியும்?" என்று கேட்டார். மாமா எழுந்து போய் வேட்டியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

வாசலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஒரே ஒரு கட்டத்தில் தாண்டிப்போன அன்று எனக்குத் தாங்கவில்லை. கையால் பலகையை ஒரு தள்ளு தள்ளினேன். பொம்மைகள் கூடம் முழுக்க உருண்டன. நாற்பத்தைந்து வயதுப் பெண் செய்கிற காரியமா இது? செய்தேன். அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். மறுநாள் வெட்கத்தில் மேசைப் பக்கமே போகவில்லை. அதற்கு மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், பலகை விரித்திருந்தது. நான் தள்ளிவிடுவதற்கு முன்னால் எந்தப் பொம்மை எந்தக் கட்டத்தில் நின்றதோ அது அதிலேயே நின்றது. கதவடியில் உருண்டவை, டிவிக்குப் பின்னால் போனவை எல்லாம் பொறுக்கி வைத்திருந்தார். மூட்டு வலிக்காரர், குனிந்து எழுந்தால் முகம் சுளிப்பவர். ஆட வா என்று அவர் கூப்பிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டுவிட்டு வந்து என் பகடையை உருட்டினேன்.

ஆடிக்கொண்டே பேசுவதற்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. முகத்தைப் பார்க்க வேண்டாம். இரண்டு பேருக்கும் கண் பலகையில் இருக்கும். அத்தைக்கு முதல் பிரசவம் ஆனபோது அவர் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடிய கதை அப்படித்தான் வந்தது. என் அப்பா இறந்தபோது நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் எல்லாருக்கும் காபி போட்டுக்கொண்டிருந்தது ஏன் என்று நானும் அப்படித்தான் சொன்னேன். வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. ஒரு நாள் பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டே, "உன் ரசத்துல புளி ஜாஸ்தி" என்றார்.

"எப்பலேர்ந்து மாமா?"

"நீ வந்ததுலேர்ந்து."

"பதினெட்டு வருசம்! ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

அன்று சாயங்காலம் ரசத்தில் புளியைக் கம்மி பண்ணினேன். என் கணவர் இன்றைக்கு என்ன ரசம் சப்பென்று இருக்கிறது என்றார். மாமா இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டார்.

ஐப்பசியில் ஓசூரிலிருந்து போன் வந்தது. என் கணவரின் அண்ணன், எனக்கு மச்சாண்டார், அங்கே சொந்தமாக வீடு கட்டிக் குடிபோயிருந்தார். அப்பாவுக்கென்று கீழேயே ஓர் அறை ஒதுக்கியிருக்கிறது, தீபம் முடிந்த மறுநாள் விட்டு அடுத்த நாள் காரோடு வருகிறேன், அப்பா இனி எங்களோடு இருக்கட்டும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். மூத்த பிள்ளை, அவருக்கு அந்த ஆசை இருக்காதா? போனை மாமாவிடம் கொடுத்தோம். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி" என்றார். அவ்வளவுதான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லிமுடியாது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா இந்த மனிதருக்கு? இல்லை, போகத்தான் ஆசையா? போகத்தான் ஆசை என்றால் இந்த மத்தியானங்கள் எல்லாம் எனக்கு மட்டும்தான் பெரிதாக இருந்தனவா? கணவரிடம் கேட்டேன்.

"அண்ணன் கூப்பிடறப்ப நாம வேணாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அப்பாவே சரின்னுட்டாரு" என்றார் அவர்.

நான் சொல்லலாம்தான். சொல்லவிடாமல் என் வாயை அடைத்தது வேறு ஒன்று. ஆடியில் அத்தைக்குத் திவசம் கொடுத்தபோது அத்தையின் தங்கை வந்திருந்தார். சமையல்கட்டில் நான் இருப்பது தெரிந்தே பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "சின்னவ கெட்டிக்காரி. மாமனாரையும் கைக்குள்ள போட்டுகினா, வீட்டையும் போட்டுகினா." வீடு மாமா பெயரில் இருக்கிறது. அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது தைத்ததுதான். இப்போது நான் போய் அவரைப் போகவிடாமல் நிறுத்தினால், அந்த அம்மாள் சொன்னதற்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். ரோஷம் என்று வந்துவிட்டால் நான் வாயைத் தைத்துக்கொள்கிறவள். தைத்துக்கொண்டேன். ஆட்டம் மட்டும் நடந்தது. ஓசூரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

தீபத்துக்கு மூன்று நாள் முன்பு ஜெர்மனிக்கார அம்மா சொன்னபடி வந்து சேர்ந்தார். கையில் எனக்கென்று புதிதாக ஒரு துணைப்பெட்டி. மாமா அப்போது கடைக்குப் போயிருந்தார். மேசையில் வேட்டி மூடியிருந்ததைப் பார்த்த அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வேட்டியை விலக்கி, ஆடிக்காட்டு என்றார். நான் என் ராஜாவை எடுத்து நகர்த்திக் காட்டினேன். வாசலை இரண்டு கட்டம் தாண்டி நின்றேன். இனி முழுச்சுற்று என்று விரலால் மலையைச் சுற்றிக் காட்டினேன். அவர் புருவத்தைத் தூக்கினார். என் ராஜாவைப் பிடித்துப் பின்பக்கமாக இரண்டு கட்டம் தட்டித்தட்டி நகர்த்தி வாசலில் நிறுத்தினார். நான் "இல்லை, இல்லை" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கட்டங்களின் ஓரத்தில் இருந்த அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். ஒவ்வோர் அம்புக்கும் இரண்டு முனை இருந்தது. இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம்.

பத்து மாதம்! எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஒரு கட்டத்தில் தாண்டித் தோற்ற ஆட்டங்கள், பலகையைத் தள்ளிவிட்ட அந்த ஆட்டம், எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அன்றைக்கெல்லாம் திரும்பி வந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன். ராஜாவைப் பழைய கட்டத்திலேயே வைத்து வேட்டியை மூடினேன். மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. கடைசி ஆட்டத்தில் யாரும் எதிர்பார்க்காத நேரம் இடப்பக்கமாகப் போய் ஜெயித்துவிட்டு, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு கெட்ட யோசனை வைத்திருந்தேன். போகிறவர் போகட்டும், நான் ஜெயித்துவிட்டாவது அனுப்பிவைக்கிறேன். அந்த மூன்று நாளும் என் புத்தி அப்படித்தான் இருந்தது.

தீபம் முடிந்தது. கூட்டம் வடிந்து பஸ்கள் பழைய வழியில் ஓட ஆரம்பித்தன. மறுநாள் மத்தியானம் நாங்கள் மேசைக்கு வந்தோம். அடுத்த நாள் காலை கார் வரும். டிவிக்குப் பக்கத்தில் மாமாவின் ரெக்சின் பை ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. அதன் மேல் மடித்த சால்வை. புதுத் துணைப்பெட்டியைப் பிரிக்கவில்லை. முந்தின வாரம் தொடங்கிய ஆட்டமே பாக்கி இருந்தது. மாமா மலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வழக்கத்தைவிட மெதுவாக ஆடினோம். நான் வாசலில் ஆள் வைக்கவில்லை. மூன்று மணிவாக்கில் அவர் ராஜா என் வாசலை நோக்கி வந்தது. நான்கு விழுந்திருந்தால் முடிந்திருக்கும். ஆறு விழுந்தது, தாண்டிவிட்டது. அடுத்த முறை ஒன்று. இப்போது வாசலைத் தாண்டி மூன்றாம் கட்டத்தில் நின்றார். என் ராஜாவோ பாதையின் மறு பக்கத்தில் பனியில் மாட்டிக்கொண்டிருந்தார். மாமா பகடையைக் குலுக்கிப் போட்டார்.

மூன்று.

முன்னால் போனால் மூன்று கட்டம் இன்னும் தள்ளிப்போவார். பின்னால் வந்தால் என் வாசல். எனக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். நான் பேசாமல் இருந்தால் போதும். ஆனால் அந்த ரெக்சின் பையையும் சால்வையையும் பார்த்துக்கொண்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஏமாந்தவராக அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"ரெண்டு பக்கமும் போலாமாம். மேல் வீட்டம்மா சொன்னாங்க. நான்தான் தப்பா புரிஞ்சிகினு இத்தன நாளா சுத்த வெச்சிட்டேன். பின்னாடி மூணு கட்டம் வையுங்க. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

அவர் தலையைத் தூக்கவில்லை. "தெரியும்மா" என்றார்.

"இன்னா தெரியும்?"

"ரெண்டு பக்கமும் போலாம்னு. இதோ, கட்டத்துக்குக் கட்டம் அம்பு போட்டுகீதே. முப்பத்தோரு வருசம் ரோட்டுல அம்பு பாத்து ஓட்டனவனுக்கு இது கூடவா தெரியாது?"

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத நாளு. நீ மலைய எடப்பக்கமா சுத்துவாங்களான்னு கேட்டியே, அன்னிக்கே பாத்தேன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அப்ப ஏன் மாமா சொல்லல? எத்தன ஆட்டம் ஒரு கட்டத்துல வுட்டேன் தெரியுமா? அழுதே இருக்கேன்!"

அவர் பகடையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பக்கமும் போனா அர மணி நேரத்துல முடிஞ்சிடும்மா. முடிஞ்சா நீ உன் ரூமுக்குப் போயிடுவ."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. என் அப்பாவுக்கு வராத அழுகை அன்றைக்கு, பட்டப்பகலில், எலும்புக்கூடு பொம்மைகளுக்கு முன்னால் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலை உச்சியில் கொப்பரை எரிவது பகல் வெளிச்சத்தில் தெரியாது, புகை மட்டும் லேசாகத் தெரியும்.

"போவாதீங்க மாமா" என்றேன்.

"இத உன் புருசன் சொல்றானா, நீ சொல்றியா?"

"நான்தான் சொல்றேன். யாரு இன்னா பேசினாலும் பேசட்டும். நீங்க இங்கயே இருங்க."

"இவ்ளோ நாளு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அத்தை போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"காலைல அவரு கார எடுத்துகினு வருவாரே" என்றேன். "இன்னா சொல்றது?"

"வரட்டும். ரெண்டு நாளு இருந்து சாப்ட்டுட்டு போவட்டும். ரசத்துல புளிய மட்டும் பாத்துப் போடு."

"கேப்பாரே மாமா. ஏன் வரலன்னு கேப்பாரே."

"ஆட்டம் முடியலன்னு சொல்லு."

சொல்லிவிட்டுத் தன் ராஜாவைக் கையில் எடுத்தார். பின்னால் மூன்று கட்டத்தில் என் வாசல் திறந்து கிடந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மலை வலது கைப்பக்கம் இருக்க, ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி நிறுத்தி, முன்னால் மூன்று கட்டம் வைத்தார்.

"ம், உன் ஆட்டம்" என்று பகடையை என் பக்கம் தள்ளினார். அவர் ராஜா என் வாசலுக்கு வந்து சேர இன்னும் பதினெட்டு கட்டம் இருந்தது.